ஏழும் ஐந்தும் பதின்மூன்று என்று எழுதிய சோலைமலை

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம். வியாழக்கிழமை காலை ஏழரை மணி இருக்கும். அடுப்பில் இட்லியை ஏற்றிவிட்டு, கைப்பேசியில் நம் கணக்குக் கையேட்டைத் திறந்தேன். திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். வெள்ளைத் திரைதான் வந்தது. பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வுக்கு மூன்றே வாரம். இந்த நேரம் பார்த்தா இது படுக்க வேண்டும் என்று எனக்குச் சுள்ளென்று ஏறியது. என் கோபம் உங்களுக்குத் தெரியாததல்ல. குழுவில் எழுதினேன்: "சோலைமலை, சர்வர் படுத்துவிட்டது. கொஞ்சம் பொறுப்பாகப் பார்க்கக் கூடாதா?"

இருபது நிமிடம் கழித்து அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய மனைவி பஞ்சவர்ணம். "டீச்சர், விடியக்காலையில நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆஸ்பத்திரி வாசலோட முடிஞ்சு போச்சு" என்றார். அவருக்கு நாற்பத்தொரு வயது. இட்லி தீய்ந்த வாடை வரும்வரை நான் அடுப்படியிலேயே நின்றிருக்கிறேன்.

ஒத்தக்கடையில் அவர் வீட்டுக்குப் போனபோது முன்னறையில் குளிர்பெட்டிக்குள் படுத்திருந்தார். பெட்டியிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவரில் இருந்த பிளக்குக்குப் போயிருந்தது. அந்த பிளக்கை எனக்கு நன்றாகத் தெரியும். அதில் எப்போதும் மாட்டியிருக்கும் யு.பி.எஸ். ஒயர் தரையில் கிடந்தது. டி.வி. மேசைக்கு அடியில், நம் சர்வராக ஓடிய அந்தப் பழைய கணினி விளக்கணைந்து இருந்தது. குளிர்பெட்டி கொண்டுவந்தவர்கள் வேறு பிளக் இல்லாமல் இதைப் பிடுங்கியிருக்கிறார்கள். பேட்டரி கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்து, கூவிக் கூவி அடங்கியிருக்கும். சர்வர் ஏன் படுத்தது என்று அப்போதுதான் புரிந்தது. காலையில் நான் எழுதிய செய்தியை அங்கேயே நின்று அழித்தேன். அழித்தால் மட்டும் எழுதியது இல்லையென்று ஆகிவிடுமா?

நம் குழுவில் இன்றைக்கு இருபத்திரண்டு ஆசிரியர்கள். பாதிப் பேர் சோலைமலையை நேரில் பார்த்ததில்லை. கையேட்டில் எழுத வருகிற ஒவ்வொருவருக்கும் திரையில் எழுத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர்க்கொடி உண்டு. பச்சை நிறத்தில் ஒரு சிறு கொடி, அதற்குள் அவர் பெயர். உங்களுக்கு அவர் அவ்வளவுதான். அந்தப் பச்சைக் கொடிக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன்.

அவர் எங்கள் பள்ளியின் ஆய்வக உதவியாளர். ரசாயனப் புட்டிகளைத் துடைத்து அடுக்குவதும், செய்முறைத் தேர்வுக்கு மேசை போடுவதும் அவர் வேலை. நான் கணக்கு ஆசிரியை. இரண்டு வருடம் ஒரே பள்ளியில் இருந்தும் "புரொஜெக்டரை மாட்டிவிடுங்க" என்பதைத் தாண்டி அவரிடம் நான் பேசியதில்லை. அப்போது நாங்கள் ஆறு பேர், வெவ்வேறு அரசுப் பள்ளிக்காரர்கள், கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் எப்படியாவது தேறிவிட வேண்டும் என்று மெல்லக் கற்போர் கையேடு ஒன்று தயாரித்துக்கொண்டிருந்தோம். கோப்பு வாட்ஸ்அப்பில் சுற்றும். 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி' என்று பெயர் வைப்போம். ஒருவர் கணினியில் தமிழாக இருப்பது இன்னொருவர் கணினியில் பூச்சி பூச்சியாகத் தெரியும். கடைசியில் இணையத்தில் கிடைத்த ஓர் இலவசச் சேவையில் ஏற்றினோம். அந்தச் சேவையின் பயனர் கணக்கு எங்கள் அறுவரில் ஒருவரான ஜெயராணி டீச்சர் பெயரில் இருந்தது. அவர் கைப்பேசி எண்ணை மாற்றினார், கணக்கு பூட்டிக்கொண்டது. நாலு மாத உழைப்பு உள்ளே போய் மாட்டிக்கொண்டது. ஜெயராணி என்னைத் தேடி எங்கள் பள்ளிக்கே வந்து அழுதார்.

சோலைமலை அப்போது ஆசிரியர் அறையில் புரொஜெக்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "நம்ம பொருள அடுத்தவன் வீட்டுல வச்சுட்டு, சாவியவும் அவன் கையிலயே குடுத்தா இப்படித்தான் டீச்சர் ஆகும். நம்ம வீட்டுலயே வச்சுக்கிரலாம்."

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?" என்றேன்.

"எம்.சி.ஏ. டீச்சர்."

அவர் அப்பாவும் அம்மாவும் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். அந்த வீட்டின் முதல் பட்டதாரி அவர். வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லும் நிலையில் அவர் இல்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இரண்டு வருடமாக இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லையே.

கட்டற்ற மென்பொருள் என்று ஒன்று உண்டு என்பதை அவர் சொல்லித்தான் கேள்விப்பட்டேன். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்க்கலாம், நம் சொந்தக் கணினியில் நாமே நிறுவிக்கொள்ளலாம். அப்படி ஒன்றில், ஒரே பக்கத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் எழுதலாம். ஒருவர் தட்டுவது மற்றவர் திரையில் அப்போதே தெரியும். அவருடைய படிப்புக் காலத்துக் கணினியைத் தூசி தட்டி எடுத்தார். ஆனால் வீட்டு இணையத்தின் முகவரி அடிக்கடி மாறிக்கொண்டே இருந்தது. இன்று திறக்கும் பக்கம் நாளை திறக்காது. மாறாத முகவரி ஒன்று வேண்டும் என்று, இணைய இணைப்புக் கொடுக்கும் கேபிள்காரரிடம் போய் நின்றார். "எதுக்குண்ணே, புதுப்படமா ஏத்தப் போறீங்க?" என்று கேட்டாராம் கேபிள்காரர். "இல்லண்ணே, கணக்குப் பாடம்" என்றிருக்கிறார் இவர். கேபிள்காரர் நம்பவில்லை. வீட்டுக்கே வந்து, திரையில் முக்கோணத்தைப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்.

யு.பி.எஸ்.ஸுக்குப் பெரிய பேட்டரி வேண்டியிருந்தது. டவுனில் வாங்கி, மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் பஸ் ஏறினார். நானும் அதே பஸ்ஸில் இருந்தேன். மல்லிகை மூட்டைகளுக்கு நடுவில், பேட்டரியைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பூக்கார அம்மா ஒருவர், "தம்பி, அது ஒழுகிப் பூவு கருகிரப் போகுது, அந்தாண்ட தள்ளு" என்று விரட்டிக்கொண்டே வந்தார். ஒத்தக்கடை வருவதற்குள் சோலைமலை அவரிடம் பேட்டரி எதற்கு என்பதை முழுவதும் விளக்கி முடித்துவிட்டார். இறங்கும்போது அந்த அம்மா, "நல்லாருப்ப, போ" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆறு பேரும் அவரவர் வீட்டிலிருந்து உள்ளே நுழைந்தோம். எங்களில் மூத்தவர் கோபாலகிருஷ்ணன் சார். அரசுப் பள்ளியில் பணி ஓய்வு பெற்றுக் கீழக்குயில்குடியில் இருக்கிறார். மற்ற ஐவரில் நாலு பேர் அவரிடம் கணக்குப் படித்தவர்கள், நானும்தான். அவர் ஒற்றை விரலால் தட்டுவார். அவர் பெயர்க்கொடி பக்கத்தில் தெரிந்ததும் நான் கையை எடுத்துவிட்டேன். மற்றவர்களும் அப்படியே. ஒரு மணி நேரம் ஐந்து பேர் ஒரு விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சோலைமலை பதறிப்போய் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சர், சர்வர் நல்லாத்தான ஓடுது? ஏன் எல்லாரும் சும்மா இருக்கீங்க?"

"சார் எழுதிட்டிருக்காருல்ல."

"பத்துப் பேரு ஒண்ணா எழுதணும்னுதான் மூணு வாரமா நாயா அலைஞ்சேன் டீச்சர். நீங்க என்னடான்னா வரிசையில நிக்கிறீங்க" என்றார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

சேர்ந்து எழுதுவதுகூட மெல்ல மெல்லப் பழகிவிட்டது. அழிப்பதுதான் பழகவில்லை. இன்னொருவர் எழுதிய வரியை அழிக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை. பிடிக்காவிட்டால் அதற்குக் கீழே நம் வரியை எழுதி, நடுவில் 'அல்லது' என்று போட்டுவிடுவோம். வடிவொத்த முக்கோணம் வரையும் முறை ஐந்து விதமாக, நாலு 'அல்லது'களோடு நின்றது. வினாத்தாளில் வருவதுபோல் ஏதாவது ஒன்றுக்கு விடையளித்தால் போதும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள் என்று சோலைமலை கேலி செய்தார். நாங்கள் சிரித்தோம். அழிக்கவில்லை.

இடைக்கண்டம் என்று ஒரு பாடம் உண்டு. வாளி வடிவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவுச் சூத்திரத்தில் கோபாலகிருஷ்ணன் சார் நடுவில் வரவேண்டிய ஓர் உறுப்பை விட்டுவிட்டார். ஒற்றை விரலின் அவசரம். நாங்கள் எல்லோரும் பார்த்தோம். 'சார், நேரம் கிடைக்கும்போது ஒருமுறை பார்க்கலாமா?' என்று ஓரத்தில் பணிவாகக் குறிப்பு எழுதினோம். அவர் ஓரத்தைப் பார்க்கவே இல்லை. கையேடு அப்படியே ஜெராக்ஸ் ஆகி மூன்று பள்ளிகளுக்குப் போனது. அரையாண்டுத் தேர்வில் அந்தக் கணக்கு வந்தது. என் வகுப்பில் முத்துலட்சுமி என்று ஒரு பிள்ளை, முதல்முறையாக ஒரு சூத்திரத்தை எழுத்துப் பிசகாமல் மனப்பாடம் செய்து எழுதியிருந்தாள். தவறு என்று கோடு போட்டுக் கொடுத்தேன். "டீச்சர், நீங்க குடுத்த புக்குல இப்படித்தான இருந்துச்சு?" என்று கேட்டாள். அந்தப் பிள்ளை கோபமாகக்கூடக் கேட்கவில்லை. என் ஆசிரியர் வாழ்க்கையில் நான் கூனிக் குறுகி நின்றது அந்த ஒரு நாள்தான்.

சோலைமலையிடம் போய்ச் சொன்னேன். புட்டியைத் துடைத்தபடியே கேட்டுக்கொண்டார். "அழிச்சது எங்கயும் போகாது டீச்சர். யாரு எப்ப அழிச்சான்னு அதோட வரலாறு உள்ளயே இருக்கும், எப்ப வேணாலும் திருப்பி எடுத்துக்கிரலாம். அழிக்காம விட்டதுதான் ஊரெல்லாம் சுத்துது" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை கையேட்டின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு வரி முளைத்திருந்தது. "ஏழும் ஐந்தும் பதின்மூன்று. இப்படிக்கு சோலைமலை. இது தவறு. உள்ளே வருகிறவர் முதலில் இதை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கவும்." கணக்கு ஆசிரியர்கள் கண்ணில் இப்படி ஒரு வரி பட்டால் கை சும்மா இருக்குமா? எழுதியவரும் ஆய்வக உதவியாளர். மரியாதைக் குறைவு என்ற பயம் யாருக்கும் இல்லை. யாரோ அழித்தார்கள். அடுத்த திங்கட்கிழமை மறுபடி எழுதி வைத்தார். எங்களில் சிறியவர் என்று நாங்கள் நினைத்தவர், எங்கள் விரலைப் பழக்குவதற்குத் தன் பெயரைக் கொடுத்திருக்கிறார் என்பது எனக்குப் புரியவே ஒரு மாதமானது.

என்னைவிட முன்னால் புரிந்துகொண்டவர் கோபாலகிருஷ்ணன் சார். நாலாவது வாரம் அந்த வரியை அவரே அழித்துவிட்டு சோலைமலையைப் போனில் அழைத்தார். "ஏப்பா, இது எனக்காகத்தான? நான் எழுதுனதுல எது தப்பு?" என்று நேராகவே கேட்டார். "இருக்கு சார். நான் சொன்னா நல்லாருக்காது, உங்ககிட்டப் படிச்ச கலாவதி டீச்சர் சொல்லுவாங்க" என்று என்னை மாட்டிவிட்டார் இவர். சார் உடனே என்னை அழைத்தார், நான் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். சார் அப்போதே கையேட்டில் சூத்திரத்தைத் தன் கையால் அழித்துச் சரியாக எழுதினார். பிறகு என்னிடம், "தப்புன்னா தப்புன்னு சொல்லத்தானம்மா அம்புட்டு வருசம் சொல்லிக்குடுத்தேன். எனக்குன்னா மட்டும் விட்டுருவீங்களா?" என்றார். அந்த வாரம் எல்லா 'அல்லது'களும் கையேட்டைவிட்டுப் போயின. திருத்திய பக்கத்தை முத்துலட்சுமியின் கையில் நானே கொடுத்தேன். அவள் அந்த வருடம் தேறினாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை என்னை வீட்டுக்கு வரச் சொன்னார். இன்னொரு பழைய கணினியை மேசைமேல் வைத்திருந்தார். "சர்வர் செத்துப்போச்சுன்னு வச்சுக்கங்க. நான் ஊர்ல இல்ல. நீங்க உயிர் குடுங்க பாப்போம்" என்று ஒரு நாற்பது பக்க நோட்டைக் கையில் கொடுத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார். மென்பொருளை நிறுவுவது முதல், ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் நகலெடுத்து வைக்கும் காப்பு வட்டிலிருந்து கையேட்டை மீட்பதுவரை எல்லாம் அவர் கையெழுத்தில், எளிய தமிழில் இருந்தது. முதல் பக்கத்தில், "பயப்பட வேண்டாம். இதில் எதையும் உடைக்க முடியாது. உடைந்தால் பதினாலாம் பக்கம் பார்க்கவும்" என்று எழுதியிருந்தார். நான் நாலு இடத்தில் கத்தினேன், ஒருமுறை நோட்டை வீசினேன். மனிதர் கட்டிய கையை அவிழ்க்கவில்லை. எனக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டதற்கு, "ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்ச விசயம் யாருக்கும் தெரியாத மாதிரிதான் டீச்சர்" என்றார்.

அவர் போன ஐந்தாம் நாள் பஞ்சவர்ணம் என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், ஒயர மாட்டிப் பாத்தேன். பச்ச லைட்டு எரிய மாட்டேங்குது. கர்ரு கர்ருன்னு சத்தம் மட்டும் வருது. பிள்ளைகளுக்குப் பரீட்ச வருதுல்ல?" துக்க வீட்டில் இதைப் பேசக் கூடாது என்று நானும் மற்றவர்களும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். அந்தக் கவலையை அவரே எடுத்துப் பேசினார். கரண்டு போய் வந்தால் அந்தப் பச்சை விளக்கைப் பார்ப்பது இத்தனை வருடமும் அவர் வேலையாக இருந்திருக்கிறது.

சனிக்கிழமை காலை போனேன். பழைய கணினியின் வட்டு கெட்டுப்போயிருந்தது. பஞ்சவர்ணம் பீரோவைத் திறந்து, துணியில் சுற்றிய காப்பு வட்டை எடுத்துத் தந்தார். அவர் நோட்டை மடியில் வைத்து வாசிக்க வாசிக்க, நான் போன வருடம் பழகிய அந்த இன்னொரு கணினியில் தட்டினேன். சில இடங்களில் கணவரின் கையெழுத்தைப் பார்த்ததும் நிறுத்திவிடுவார். நானும் நிறுத்திக் காத்திருப்பேன். ஒன்பதாம் பக்கத்தில் நான் எதையோ தப்பாகச் செய்ய, எல்லாம் நின்றது. நான் கத்த வாயைத் திறப்பதற்குள், "பதினாலாம் பக்கம்" என்று அவரே புரட்டினார். மத்தியானம் ஒரு மணிக்குப் பக்கம் திறந்தது. அவர் கடைசியாக நகலெடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிந்திய மூன்று நாள் வேலை மட்டும்தான் போயிருந்தது. அதை நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே சாயங்காலத்தில் மறுபடி எழுதிவிட்டீர்கள்.

திறந்த பக்கத்தின் உச்சியில், பொங்கல் விடுமுறையில் யாரும் உள்ளே வராததால் அழியாமல், அந்த வரி இருந்தது. பஞ்சவர்ணம் குனிந்து வாசித்தார். "இது என்ன டீச்சர், இவரு பேரு போட்டு இம்புட்டுத் தப்பா இருக்கு?" காரணத்தைச் சொன்னேன். அந்த வீட்டில் அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

நோட்டில் கடைசி வேலை ஒன்று பாக்கி இருந்தது: "வரலாறும் திரும்ப வந்ததா என்று ஏதாவது ஒரு பக்கத்தில் பார்க்கவும்." நான் அட்டைப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். போன வருடத்து அட்டை நான் செய்தது. 'தயாரித்த ஆசிரியர்கள்' என்று எல்லாப் பெயரையும் போட்டிருந்தேன். சோலைமலை பெயர் இல்லை. அவர் ஆசிரியர் இல்லையே என்று நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது; நினைக்கவே இல்லை. அச்சுக்குப் போவதற்கு முந்தைய நாள், பட்டியலின் அடியில் ஒரு வரி சேர்ந்திருந்ததாக வரலாறு காட்டியது: "கணினி உதவி: சோலைமலை." சேர்த்தவர் சோலைமலை. ஆறு நிமிடம் கழித்து அது அழிக்கப்பட்டிருந்தது. அழித்தவரும் சோலைமலை.

அந்த ஆறு நிமிடமும் அவர் என்ன நினைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். யாராவது பார்த்து, இருக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்வார்கள் என்று காத்திருந்தாரா? எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. அழித்தது எங்கேயும் போகாது என்றவர் அவர்தானே. அந்த வரியை மீட்டுத் திரும்ப அட்டைக்குக் கொண்டுவந்தேன். பட்டியலின் அடியில் இருந்ததை எடுத்து முதல் பெயராக வைத்தேன். இந்த வருடக் கையேடு அப்படித்தான் பிள்ளைகளிடம் போயிருக்கிறது. யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் என்னிடம் நேரில் வந்து சொல்லுங்கள்.

போன வாரம் மேலூர்ப் பக்கத்திலிருந்து ரேவதி என்று ஒரு புது டீச்சர் குழுவில் சேர்ந்தார். சேர்ந்த அன்றே எனக்குப் போன் செய்தார். "அக்கா, முதல் வரியே தப்பா இருக்கு. சோலைமலைன்னு யாரோ எழுதியிருக்காங்க. அழிச்சுரவா?" மீட்டதிலிருந்து அதை அழிக்க எங்களில் யாருக்கும் மனம் வரவில்லை. ஒரு மாதமாக எல்லோரும் அந்த வரியைச் சுற்றிக்கொண்டு போய் வேலை பார்த்தோம். மறுபடி பழைய வியாதி.

"அழிங்க" என்றேன். என் திரையில் அது எழுத்து எழுத்தாகப் போனது.

அடுத்த திங்கட்கிழமை காலை, முதல் பாடவேளை முடிந்து பார்த்தேன். மேலே வெறுமையாக இருந்தது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லையே. இருபது வருடம் பாடம் நடத்திய எனக்கு, வேண்டுமென்றே என் பெயரில் ஒரு தவறை எழுத விரல் கூசியது. அவர் ஒவ்வொரு திங்கட்கிழமையும் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதை மட்டும்தான்: ஒவ்வொரு திங்கட்கிழமையும் இதை நான் எழுதுவேன். அவர் பெயர் இனி அட்டையில் இருக்கட்டும், இங்கே என் பெயர் இருக்கட்டும் என்று நினைத்து, எழுதினேன்:

"ஏழும் ஐந்தும் பதின்மூன்று. இப்படிக்கு கலாவதி. இது தவறு. உள்ளே வருகிறவர் முதலில் இதை அழித்துவிட்டு வேலையைத் தொடங்கவும்."

மூன்று நிமிடம் ஆகியிருக்காது. கோபாலகிருஷ்ணன் சாரின் கொடி பக்கத்தில் தோன்றியது. ஒற்றை விரலால், நிதானமாக, என் பெயரையும் சேர்த்து அழித்தார்.